தீபாவளிச் சீரா ஒரு ரப்பர்

வாங்க மாப்ள, உக்காருங்க. புரட்டாசி வெயில்ல மதுரையில பஸ் ஏறி மானாமதுரை வரைக்கும் வந்திருக்கீக. மோரைக் குடிங்க, பேச்சு எங்கிட்டுப் போயிரும்? வந்த சோலியைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமா இருக்கும், நானே சொல்லிர்றேன். பிரிட்ஜு சரியில்ல. கல்யாணச் சீரா நான் வாங்கிவிட்ட ரெண்டு கதவுப் பிரிட்ஜு. மேல் கதவுக்குள்ள பனி அப்பிக்கிட்டு, பட்டாணிப் பாக்கெட்டைப் பிடுங்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கு. குச்சி ஐஸுல குச்சி தனியா நிக்கிது, ஐஸு தனியா ஓடுது. மோட்டாரு ராவு பகலா உறுமுது. கடைக்காரன் மாசத் தவணையில புதுசு தர்றேங்கிறான். தீபாவளியும் கிட்ட வந்துருச்சு. "மாமா என்ன நினைக்கிறீக"ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தீக. அதானே?

நினைக்கிறதுக்கு நான் யாரு மாப்ள? மூணாங்கிளாஸோட வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன். நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அமெரிக்காக்காரன் கணக்கையே பாக்குறவுக. ஆனா ஒண்ணு. பேரனைப் பாக்க உங்க வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப அந்தப் பிரிட்ஜு பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சேன். முழங்கையில ஜில்லுன்னு காத்துப் பட்டுச்சு. கதவு மூடித்தான் இருந்துச்சு! அடடா, மாப்ள வீட்ல பிரிட்ஜே கூடத்தைக் குளிர வைக்குதேன்னு பெருமைப்பட்டேன். அப்புறம் பின்பக்கம் கையை வச்சுப் பாத்தா, முன்னாடி விடுற குளிரைவிடப் பின்னாடி கக்குற சூடு ஜாஸ்தி. அந்த மிஷினோட பிழைப்பே அதுதான். உள்ள இருக்கிற சூட்டை இழுத்து வெளிய தள்ளும், அதோட தான் தின்ன கரண்டையும் சூடாக்கிச் சேத்துத் தள்ளும். ஆக மொத்தம், கரண்டு பில்லு கட்டி வீட்டுக்கு வெக்கை வாங்கியிருக்கீக.

இதுவரைக்கும் யார் யார் மேல பழி போட்டீகன்னு எனக்குத் தெரியும். முதல்ல கரண்டாபீஸு, வோல்டேஜ் பத்தலன்னு. அடுத்து ஸ்டெபிலைசரு. அப்புறம் என் மக, அவ அடிக்கடி கதவைத் திறக்குறாளாம். சமைக்கிறவ திறக்காம, ஆபீஸுக்குப் போறவுகளா திறப்பாக? கடைசியா ஒருத்தர் வந்து மோட்டாரைத் தட்டிப் பாத்து, காதை வச்சுக் கேட்டு, "கேஸ் கம்மியாயிருச்சு சார்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்களும் தலையை ஆட்டுனீக. ஏன் மாப்ள, அது என்ன அடுப்புச் சிலிண்டரா, எரிஞ்சு தீர? பிரிட்ஜு கேஸு ஒரே குழாய்க்குள்ளதான் காலத்துக்கும் சுத்திச் சுத்தி வரும். எங்கேயாவது ஓட்டை விழுந்தாத்தான் குறையும். ஓட்டை எங்கன்னு காட்டாம கேஸை மட்டும் அடைக்கிறேன்னு சொன்னா, அவரு அடைக்கப் போறது வேற ஓட்டையை.

முகப்புல நட்சத்திரம் ஒட்டியிருக்குன்னு வேற சொன்னீக. நல்லா மின்னுது, பாத்தேன். 2006-ல மத்திய சர்க்காருல மின்சாரச் சிக்கனத்துக்குன்னு இருக்கிற ஆபீஸு அந்த நட்சத்திரத்தை ஆரம்பிச்சுச்சு. அம்புட்டும் கதவு ஒழுங்கா மூடியிருக்கிற பிரிட்ஜுக்குக் கொடுத்த மார்க்கு. இடுக்கு விட்ட கதவுக்கு எத்தனை நட்சத்திரம்னு அவுக அளந்து பாக்கல. அதை அளக்குறது உங்க வீட்டு மீட்டரு.

சோலி இருக்கிறது கதவைச் சுத்தி ஓடுற அந்த ரப்பர்லதான். கடையில கேஸ்கெட்டுன்னு சொல்லுவாக. உள்ள மைனஸ் 18 டிகிரி. வெளிய மதுரை. நடுவுல காவல் நிக்கிறது விரல் தடிமன் ரப்பர். கண்மாய்க் கரையில நண்டு வளை விழுந்தா மறுநாள் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்க ஐயா நீர்ப்பாச்சி. இங்கயும் அதே கதைதான், திசை மட்டும் ரெண்டு. குளுந்த காத்து கீழ் இடுக்கு வழியா வழிஞ்சு இறங்கும். அது விட்ட இடத்துக்கு வெக்கைக் காத்து மேல் இடுக்கு வழியா உள்ள ஏறும். வெக்கை மட்டும் வந்தாலும் பரவாயில்ல, கூடவே ஈரத்தையும் கூட்டிட்டு வரும். அந்த ஈரம் உள்ள பட்ட இடத்துல தண்ணியாகி, பனியாகி, அப்பிக்கிரும். ஆவி பனியாகுறப்ப அதுல இருக்கிற சூடெல்லாம் உள்ளயே கொட்டும். அதை வெளிய தள்ள மோட்டாரு இன்னும் ஓடணும். பனி கனமாக ஆக, குளிர் காத்து போறதுக்கும் வழி இருக்காது. அதனாலதான் ஒரு மூலையில பனி கட்டுது, இன்னொரு மூலையில ஐஸ்கிரீம் உருகுது. நீங்க பனியைப் பாத்துட்டு "குளிர் ஜாஸ்தியாயிருச்சு"ன்னு திருகைக் குறைச்சு வச்சீகளாமே! காய்ச்சக்காரன் நடுங்குறான்னு விசிறியை நிறுத்துன கெட்டிக்காரத்தனம்.

கரண்டுக் கணக்கும் பாருங்க. வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மா கொடுக்க ஆரம்பிச்சாக, 2016-ல. இனாமா வந்ததுதானேன்னு அதைக் கதவிடுக்குல ஒழுக விட்டுட்டு, மிச்சத்துக்குக் காசு கட்டுறீக. 500 யூனிட்டைத் தாண்டுனா, தாண்டுனதுக்கு மட்டுமில்ல, கீழ இருக்கிற யூனிட்டுல கொஞ்சத்துக்கும் ரேட்டு ஏறிரும். ஏசியும் ஓடுற வீட்டுல அந்த வரப்பைத் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது.

அட, அந்தக் கயிறு! கதவு ஒட்டலன்னு பிரிட்ஜைச் சுத்திக் கொடிக்கயிறு போட்டுக் கட்டியிருக்கீகளே, பொங்கலுக்கு மாடு கட்டுறவன்கூட அம்புட்டு இறுக்கமாக் கட்ட மாட்டான். சிரிச்சேன். ஆனா மாப்ள, இந்த ஒரு விஷயத்துல மட்டும் நையாண்டி இல்ல. இன்னைக்கே அதை அவுத்துருங்க. அந்தக் காலத்துப் பிரிட்ஜுக்கு வெளிய கொண்டி இருந்துச்சு, படக்குன்னு விழுந்து மாட்டிக்கிரும். அமெரிக்காவுல பிள்ளைக ஒளிஞ்சு விளையாடுறேன்னு தூக்கிப்போட்ட பிரிட்ஜுக்குள்ள ஏறி, உள்ளருந்து திறக்க முடியாம மூச்சு முட்டிச் செத்திருக்குக. ஒண்ணு ரெண்டு இல்ல. அதுக்கப்புறம்தான் 1956-ல அங்க சட்டமே போட்டாக: உள்ளருந்து தள்ளுனாக் கதவு திறக்கணும்னு. 1958 அக்டோபர் கடைசியிலருந்து செய்யிற பிரிட்ஜு எல்லாத்துக்கும் அது கட்டாயம். கொண்டி போயி காந்தம் வந்து நிலைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். இந்த ரப்பருக்குள்ள ஓடுறது அந்தக் காந்தம்தான். இரும்புச் சேர்மப் பொடியைப் பிளாஸ்டிக்கோட பிசைஞ்சு இழுத்த பட்டை. பெரியவுக இழுத்தாலும் வரும், பிள்ளை உள்ளருந்து தள்ளுனாலும் வரும். நீங்க கயிறு கட்டி, அறுபது எழுபது வருசத்துக்கு முன்னாடி ஒழிச்ச கொண்டியை மறுபடியும் வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீக. பேரன் எந்நேரமும் கட்டிலுக்கு அடியிலதான் ஒளிவேன்னு எழுதிக் கொடுத்திருக்கானா? பழைய பிரிட்ஜை எடைக்குப் போட்டாலும் கதவைக் கழட்டிட்டுத்தான் போடணும், மறக்காதீக.

சரி, இப்ப வைத்தியம். முதல்ல நோயைப் பாக்கணும். ஒரு பத்து ரூவா நோட்டை எடுங்க. ஐந்நூறு வேணாம், மூடிட்டு மறந்துருவீக. நோட்டைப் பாதி உள்ள, பாதி வெளிய இருக்கும்படி வச்சுக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பாருங்க. பிடிச்சு நிறுத்துனா ரப்பர் உசுரோட இருக்கு. வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல இல்ல. நாலு பக்கமும், நாலு மூலையும், கீல் இருக்கிற பக்கமும் விடாமப் பாருங்க. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, ஒரு டார்ச்சு லைட்டை எரியவிட்டு உள்ள வச்சு மூடினா, வெளிச்சம் கசியுற இடமே ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும்.

நோட்டு வழுக்கிருச்சுன்னு உடனே கடைக்கு ஓடாதீக. ரப்பர் மடிப்புக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. என்னென்ன இருக்கும்னு சொல்லவா? போன வருசத்து மாம்பழச் சாறு, இட்லி மாவு, கருப்புப் பூசணம், பேரன் ஒட்டுன பபிள்கம். அழுக்கு இருந்தா எந்தக் காந்தமும் ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைச்சு, பழைய பல்லு பிரஷ்ஷால மடிப்பு மடிப்பாத் தேய்ச்சு, துணியால ஈரம் போகத் துடைங்க. மண்ணெண்ணெய், ஆசிட்டு, கக்கூசு கழுவுறது எதையும் கிட்டக் கொண்டுபோகாதீக, ரப்பர் விறைச்சுப் போகும். அப்புறம் பிரிட்ஜோட முன்காலைத் திருகி, முன்பக்கத்தை ஒரு நூல் தூக்கி வையிங்க. பாதி திறந்து விட்டாக் கதவு தானா மூட வரணும். கீல் தொங்குதா, கதவுத் தட்டுல பாட்டில் பாட்டிலா அடுக்கி இழுத்துக்கிட்டு நிக்கிதா, உள்ள எதாவது துருத்திக்கிட்டுக் கதவை மறிக்குதா, எல்லாத்தையும் பாருங்க. பாதி வீட்டுல வைத்தியம் இதோட முடிஞ்சு போகும். ஆனா அப்படிச் செலவில்லாம முடிஞ்சா ஆம்பளைகளுக்கு ஒரு குறையாத்தான் இருக்கும்.

உங்க வீட்டு ரப்பரு அந்தக் கணக்குல வராது. மூலையில கிழிஞ்சு வாயைப் பிளந்துட்டு நிக்கிது, ஒரு பக்கம் மரக்கட்டையா விறைச்சுப் போச்சு. மாத்தத்தான் வேணும்.

மாத்துறதுல பாதிப்பேரு கோட்டை விடுறது அளவுல. பிரிட்ஜுக்குள்ள பக்கச் சுவத்துலயோ பின்னாடியோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல மாடல் நம்பர் இருக்கும். அதைக் குறிக்கணும். கதவோட அகல உயரத்தை அளந்தாப் பத்தாது, ரப்பர் செருகியிருக்கிற பள்ளத்துக்குப் பள்ளம் அளக்கணும். ஒரு மூலையில ரப்பரைக் கொஞ்சம் இழுத்து, அதோட அடிவாரம் எப்படி இருக்குன்னு போட்டோ பிடிச்சுக்கணும். அம்பு முனை வச்சதா, பட்டையா, எம்புட்டுத் தடிமன்னு. டவுன்ல பிரிட்ஜுச் சாமான் கடையில அளவு கொடுத்தா, பட்டையை வெட்டி மூலையைச் சூட்டுல ஒட்டிக் கொடுக்குறவுகளும் இருக்காக. "எல்லா மாடலுக்கும் சேரும் சார்"ன்னு ஒருத்தன் நீட்டுனா, கும்பிட்டுட்டு வந்துருங்க. புதுசு கைக்கு வராம பழசைப் பிடுங்குறதும் வேணாம். அவசரக்காரன் வீட்டு ஐஸ்கிரீம் அன்னைக்கே பாயாசம்.

வேலைக்கு நாள் பாக்கணும். ராகு காலம் இல்ல, பெட்டி காலியா இருக்கிற நாள். கறி மீனு தீந்த நாள், வெள்ளனவே ஆரம்பிங்க. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. சுவிச்சை அணைச்சாப் போதும்னு நினைக்காதீக. மிச்சம் இருக்கிறதைத் தெர்மாகோல் பெட்டியில ஐஸோட வச்சு மூடுங்க.

பனியை எடுக்குறதுக்கு நீங்க கத்தியையும் கரண்டிக் காம்பையும் வச்சுக் குத்துற அழகைப் பாத்திருக்கேன். போருக்குப் போறவுக முகம் தோத்துப் போகும். குத்துங்க மாப்ள, நல்லாக் குத்துங்க! அந்தப் பனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் பின்னாடிதான் கேஸ் ஓடுற குழாயி. அது பொத்துக்கிட்டா பிரிட்ஜு கதை முடிஞ்சுச்சு, நீங்க ஆசைப்பட்ட புதுசும் வாங்கித்தான் தீரணும். இப்ப வர்ற பிரிட்ஜுல ஆர்-600ஏன்னு ஒரு கேஸு, ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குப் பங்காளி. கொஞ்சம்தான் இருக்கும், ஆனாத் தீப்பிடிக்கிற சாதி. அதனால கத்தி அடுப்படியிலயே இருக்கட்டும். கதவைத் திறந்து வச்சு, ஒரு சட்டியில வெந்நியை உள்ள வைங்க, கீழ துண்டை விரிங்க. பனி தானா உருகும். அதுவரைக்கும் சும்மா இருக்குறது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா, வெங்காயம் உரிச்சுக் கொடுங்க.

பழைய ரப்பரை எடுக்குறது ரெண்டு விதம். இப்ப வர்றதுல முக்காவாசி பள்ளத்துல அழுத்திச் செருகுனது. ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தா வரிசையா வந்துரும். பழைய மாடல்ல ரப்பர் உதட்டைத் தூக்கிப் பாத்தா சுத்தி ஸ்க்ரூ இருக்கும். அப்படி இருந்தா எல்லாத்தையும் மொத்தமாக் கழட்டிக் குமிச்சு வச்சுட்டு எண்ணிக்கிட்டு இருக்காதீக. தளர்த்துனாப் போதும், ரப்பர் வழுக்கிட்டு வெளிய வரும். அந்த ஸ்க்ரூதான் உள் பலகையைக் கதவோட சேத்துப் பிடிச்சிருக்கு. ஒரேயடியா விட்டாக் கதவே முறுக்கிக்கிரும். சில மாடல்ல ரப்பரைக் கதவோடயே சேத்து ஒட்டியிருப்பாக. இழுத்தா வராது. அப்ப மானம் பாக்காம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. கேஸ் அடைக்கிறவரை இல்ல, ரப்பர் மாத்துறவரை.

பள்ளத்தைத் துடைச்சுட்டு, புதுசை மாட்டணும். புது ரப்பரு மடிஞ்சு கிடந்து கோணலா வரும். உடனே "தப்பான மாலு"ன்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போயிராதீக. கை பொறுக்குற சூட்டுல வெந்நியில கொஞ்ச நேரம் ஊற வைங்க. கொதிக்கிற தண்ணி ஆகாது. இளகி நேரா வரும். துடைச்சுட்டு முதல்ல நாலு மூலையையும் அழுத்தி மாட்டுங்க. அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல, அப்புறம் மிச்சத்துல. ஒரு மூலையில ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போனீகன்னா, கடைசி மூலையில ஒரு சாண் மிஞ்சும், இல்ல ஒரு சாண் பத்தாது. இழுக்கவே கூடாது, கட்டை விரலால அழுத்தி உள்ள அனுப்பணும். "டொக்"குன்னு உக்காரும். ஸ்க்ரூ வச்சதா இருந்தா முதல்ல கையளவுக்கு முறுக்கி, கதவை மூடிப் பாத்து, முறுக்கு இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் இறுக்கணும்.

மூடிட்டு மறுபடியும் அந்தப் பத்து ரூவா. எங்கயாவது வழுக்குனா, தலை காய வைக்கிற அந்த டிரையரைக் கொஞ்சத் தூரத்துல பிடிச்சு ரப்பரை இளக்கி, விரலால வெளிய இழுத்து வடிவம் கொடுத்து, கதவை மூடி ஆற விடுங்க. கீல் பக்கத்துல ரப்பர் சுருண்டு மாட்டுனா, அங்க மட்டும் துளி வாசலீன் தடவுங்க. முகத்துக்குப் பூசுற அளவுக்கு வேணாம். ஒரு ராத்திரி மூடிக் கிடந்தா ரப்பர் இடத்தைப் பழகிக்கிரும். காலையில கதவைத் திறக்கும்போது கொஞ்சம் மல்லுக்கட்டும். அதான் சரி. அப்ப மோட்டாரைக் கவனிங்க, ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். அது நிக்கிற நேரத்துக்குத்தான் இம்புட்டுப் பாடும்.

அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா ரப்பரைத் துடைக்கணும். யாரு துடைக்கிறதுன்னு என்கிட்டக் கேக்காதீக. கிரிக்கெட்டு இடைவேளையில முடிஞ்சுபோற வேலை.

என்ன மாப்ள, அளவு எடுக்க இன்னைக்கே கிளம்பணுமேன்னு யோசிக்கிறீகளா? வேணாம். நீங்க உக்காந்திருக்கிற பெஞ்சுக்கு அடியில ஒரு அட்டைப் பெட்டி இருக்கு, எடுங்க. உங்க வீட்டு ரப்பருதான். மாடல் நம்பரு, பள்ளத்துக்குப் பள்ளம் அளவு, மூலை போட்டோ எல்லாம் என் மக போன மாசமே அனுப்பிட்டா. நோட்டு வச்சுப் பாத்ததும் அவதான், கழுவிப் பாத்ததும் அவதான். "கதவு ஒட்டல"ன்னு உங்ககிட்ட மாசக்கணக்காச் சொன்னாளாம். நீங்க "அடிக்கடி திறக்காத"ன்னு பதில் சொன்னீகளாம். "நான் சொன்னா ஏற மாட்டேங்குதுப்பா, நீங்க நாலு நையாண்டியோட சொல்லுங்க"ன்னா. சொல்லிட்டேன்.

இந்த வருசத் தீபாவளிச் சீரு இதுதான். சாமான் என்னோடது, கூலி உங்களோடது. நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் வீட்டுல எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் அவகிட்டயே கேட்டுக்கங்க.